மூன்று ஸலாம்

ஒன்பது வயதில், பட்டாசுக் கம்பெனி வாசலில், நாற்பது பேர் பார்க்க ஒரு மனிதரைத் திருடன் போல நிற்க வைத்தேன். அவர் என் மாமு, அம்மாவின் தம்பி. நல்ல காரியம் செய்ததாகவே அன்று நினைத்தேன்.

அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு அந்தக் கம்பெனியில் கேட் வேலை. உள்ளே போகிறவர்களைத் தடவிப் பார்த்து, பீடி, தீப்பெட்டி, செல்போன் இருந்தால் வாங்கி வைக்க வேண்டும். வேப்பமரத்தில் அதற்கென்று ஒரு தகர டப்பா தொங்கியது. வேலை முடிந்து போகும்போது அவரவர் பீடியை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். மாமுவுக்கு மருந்து அடைக்கும் அறையில் வேலை. ஒரு பொறி விழுந்தால் அறையோடு போக வேண்டியதுதான். எங்கள் வகுப்பில் ஒருத்தியின் அப்பா அந்த வருஷம்தான் அப்படிப் போயிருந்தார். அது தெரிந்தும் பீடியில்லாமல் மாமுவால் மத்தியானம் வரை தாங்க முடியாது. இடுப்பு மடிப்பில், காலருக்கு அடியில், ஒருமுறை சோற்றுக்குள் பாலிதீன் சுற்றி என்று ஒளித்துக்கொண்டு வருவார். அத்தா கண்டுபிடித்து வாங்கிவிடுவார். திட்ட மாட்டார். உள்ளே விடவும் மாட்டார்.

"இன்னைக்கு வேண்டாம் மாப்ளே. நாளைக்கு வா."

போர்மேனிடமும் அத்தா எதையும் மறைக்கவில்லை. அவர் கடைசியாக ஒன்று சொல்லிவிட்டார்: "பாய், உங்க மொகத்துக்காகத்தான் பாக்கேன். இன்னொரு தடவை ஆப்புட்டா அவரு மட்டுமில்ல, நீங்களும் சேர்ந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

அம்மாவே அலுத்துப் போனாள். "இவன் திருந்துற ஆளில்ல. விட்டுத் தொலைங்க" என்றாள். அத்தா சிரித்தார். "நூஹு நபி தொள்ளாயிரத்து அம்பது வருஷம் சலிக்காமக் கூப்பிட்டாக. நான் இன்னும் ரெண்டு வருஷம்கூட முடிக்கல." சோறு தின்றுகொண்டிருந்த மாமு தலையைத் தூக்கி, "மச்சான், அவுகளுக்கு அம்புட்டு ஆயுசு இருந்துச்சு. உங்களுக்கு இருக்கது முட்டிவலி" என்றார்.

அந்த வருஷ நோன்பு மாதத்தில் பகலில் மாமு பீடியைத் தொடவில்லை. நோன்பு திறந்த பிறகு தொட்டிருக்கலாம். அதையும் விட்டுப் பார்த்தார். பெருநாள் கழிந்து பத்து நாளாகியும் தொடவில்லை. ஆக நாற்பது நாள். வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசவில்லை. கண் பட்டுவிடும் என்பது போல இருந்தோம்.

மாமு தனி ஆள். மத்தியானச் சோறு எங்கள் வீட்டிலிருந்துதான். அன்று காலை தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனவர், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மேல் தட்டைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை உள்ளே வைத்ததை நான் பார்த்துவிட்டேன்.

எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அப்போதே ஆகாது. ஆமத்தூர் ரோட்டில் ஓடைப் பாலத்துக்கு அடியில் பையைப் போட்டுவிட்டு, லாரிகளைப் பார்த்தபடி நடப்பதுதான் என் படிப்பு. அன்றும் பையைப் போட்டேன். ஆனால் லாரி பார்க்கவில்லை. அதே ரோட்டில் இருந்த கம்பெனிக்கு ஓடினேன். மாமு கரிந்து போவார், அத்தாவுக்கு வேலை போகும், இரண்டையும் நான் ஒருவனே தடுக்கப் போகிறேன். பள்ளிக்கூடம் போகாத குட்டு உடையும் என்பதுகூட நினைவில்லை.

வரிசை பாதி உள்ளே போயிருந்தது. போர்மேன் பக்கத்தில் நின்றார். அத்தா மாமுவின் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தா, தூக்குச்சட்டியில பாருங்க! மாமு பீடி ஒளிச்சு வச்சிருக்காரு!"

போர்மேன் சட்டியைப் பிடுங்கித் திறந்தார். பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே கிராம்பு. ஒரு பிடி கிராம்பு.

போர்மேன் அதை மோந்து பார்த்தார். பிறகு வரிசையில் ஒருவன், "ஏலே, பாய் பிரியாணி போட வந்திருக்காருடோய்!" என்றான். இன்னொருத்தி, "மசக்கைக்காரி மாதிரி ஒளிச்சு வச்சுல்ல திங்காரு" என்றாள். வரிசையே சிரித்தது. மாமு சட்டியை வாங்கி மூடினார். என்னை ஒரு தடவை பார்த்தார். அத்தா "மாப்ளே" என்றதைக் கேளாமல் எதிரே இருந்த டீக்கடைக்குப் போய், ஒரு கட்டு பீடி வாங்கி, கேட்டைப் பார்த்தபடி பற்ற வைத்தார்.

"சீசன் நேரம் பாய். பத்துப் பதினஞ்சு நாள் பாப்பேன். வரலேன்னா வேற ஆள் போட்டுருவேன்" என்றார் போர்மேன்.

சாயங்காலம் அடி விழும் என்று சுவரோரம் நின்றேன். அத்தா கைகால் கழுவி வந்து உட்கார்ந்தார். "கிராம்பு நான் வாங்கிக் கொடுத்தது. பீடி நெனப்பு வந்தா கடிச்சுக்கிடச் சொன்னேன். நாலு பேர் பாத்தா சிரிப்பாகன்னு வெக்கப்பட்டு ஒளிச்சு வச்சிருக்கான்." பிறகு ஒன்று சொன்னார். குடித்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பிடிபட்ட ஒருவரைச் சுற்றியிருந்தவர்கள் சபித்தார்களாம். நபியவர்கள் தடுத்து, உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்யாதீர்கள் என்றார்களாம். "நீ தள்ளிவிட்டுட்ட. தூக்கிவிட நீயும் வரணும்லே" என்று முடித்தார்.

மறுநாள் சுபுஹு தொழுகை முடிந்து, வெளிச்சம் வந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு மாமு வீட்டு வாசலில் நின்றார். மூன்று தெரு தள்ளித்தான் வீடு. கதவு சாத்தியிருந்தது. இடைவெளி விட்டு மூன்று முறை ஸலாம் சொன்னார். பதில் இல்லை. மூன்றுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது முறை. திரும்பிவிட்டார். அடுத்த நாள் மறுபடி மூன்று. அதற்கடுத்த நாளும் மூன்று. கதவை ஓங்கித் தட்டலாமே என்றேன். "வேண்டாம். அவனாத் திறக்கணும்" என்றார்.

ஐந்தாம் நாள், மூன்றாவது ஸலாமுக்கு உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. வ அலைக்கும் ஸலாம். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை. எத்தனை நாள்தான் மாமுவும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்? அத்தா என் தோளை இறுக்கிப் பிடித்தார். கதவு திறந்துவிட்டது போல அவர் முகம் இருந்தது. அன்றும் திரும்பித்தான் வந்தோம்.

எட்டாம் நாள் குரல் தெளிவாகவே வந்தது. "முட்டிவலியோட தெனமும் எதுக்கு மச்சான் வாறீக?"

"நீ வர்ற வரைக்கும் வலி இருக்கட்டும் மாப்ளே."

பதினோராம் நாள் அத்தாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. இரண்டு ஸலாமோடு குரல் நின்றுவிட்டது. மூன்றாவதை நான் சொன்னேன். கதவு திறந்தது. மாமு தாடியும் சிவந்த கண்ணுமாக நின்றார். என்னைப் பார்த்து இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"வாலே போலீசு. நல்லாத் தடவிப் பாரு."

தடவிப் பார்த்தேன். காலர், இடுப்பு, மடிப்பு, எல்லா இடமும். சட்டைப் பையில் அந்தக் காகிதப் பொட்டலம் இருந்தது. அதைப் பிரிக்காமல் அங்கேயே வைத்தேன்.

அதற்குப் பிறகும் மாமு இரண்டு தடவை தவறினார். இரண்டு தடவையும் கேட்டுக்கு வராமல், தானே வீட்டில் இருந்துகொண்டார். மறுநாள் அத்தா போய்க் கூட்டி வந்தார். பிறகு தவறவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு கிளம்பியவன். இன்று லாரியில் ஓரிடம், நாளை வேறிடம். அத்தா இப்போதும் போன் செய்கிறார். விட்டு விட்டு மூன்று முறை அடிக்கும். நான் எடுக்காவிட்டால் நிறுத்திவிடுவார். மறுநாள் மறுபடி மூன்று.

அந்தக் காலை நடைகளில் மாமு வீட்டிலிருந்து திரும்பும்போது அத்தா என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார். கூட்டிப் பெருக்கும் அக்கா அப்போதுதான் கேட்டைத் திறந்திருப்பாள். போகிற வழியில்தானே இருக்கிறது, அதனால் விடுகிறார் என்று நினைத்தேன். அத்தா ஏற வேண்டிய கம்பெனி வேன் மாமுவின் தெருமுனையிலேயே நிற்கும். பள்ளிக்கூடம் ஊரின் மறுகோடி. மாமு வேலைக்குத் திரும்பிய பிறகும் அந்த வருஷம் முழுக்க அத்தா அப்படித்தான் நடந்தார், காலைத் தாங்கித் தாங்கி. என் பையை அவரே சுமந்து வருவார். அதில் பாலத்தடி மண் ஒட்டியிருந்தது. அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.