கடிதத்தில் இருந்த திகதி

கொல்வதற்கு ஆங்கிலத்தில் 'கில்' என்று ஒரு சொல் இருப்பதை ஆறாம் ஆண்டில் படித்தேன். பாம்பு, நுளம்பு, புலி என்று டீச்சர் கரும்பலகையில் உதாரணம் எழுதிப் போட்டார். தானாகச் செத்தால் வேறு சொல், இதற்கு ஒரு கை வேண்டும் என்றார். பிறகு நான் வேலை செய்த எத்தனையோ ஊர்களில், எத்தனையோ வீடுகளில், கரப்பான் பூச்சிக்கும் பொழுதைப் போக்குவதற்கும் அதையே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்த ஆறாம் ஆண்டில் வாப்பா வெளிநாட்டில் லொறி ஓட்டினார். அங்கே சண்டை தொடங்கிய பின் அவரிடமிருந்து போன் வரவில்லை. ஒரு பின்னேரம் மாமா சைக்கிளில் ஒரு கடிதம் கொண்டுவந்தார். முழுக்க ஆங்கிலம்.

"தபால் கந்தோர்ல ஆரிட்டயும் காட்டுவமா?"

"வெளியாள் வேணா. புள்ள வாசிக்கும்" என்றார் உம்மா.

"ஓம், இங்கிலீசுல நாப்பது மார்க் எடுத்த டீச்சர் வீட்டுக்குள்ளயே இரிக்கா." மாமா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

இரண்டாவது வரியில் வாப்பாவின் பெயர் இருந்தது. பக்கத்திலேயே அந்தச் சொல், அதை அடுத்து ஒரு திகதி. யாருடைய கை என்று மட்டும் எழுதவில்லை.

எதிர் வீட்டுச் சாச்சி கணவர் மௌத்தாகி அடக்கமான பிறகு இத்தா என்ற துக்கம் காத்ததை நான் பார்த்திருந்தேன். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, ஜன்னலுக்குப் புடவை கட்டி, வாசலுக்கே வராமல் இருந்தார். நான் வாய் திறந்தால் உம்மாவையும் அப்படி அடைத்துவிடுவார்கள். திறக்காவிட்டால் வாப்பாவுக்கும் ஒன்றும் ஆகாது என்று தோன்றியது.

"வாப்பாக்குச் சுகமில்லையாம். ஆசுபத்திரியில இரிக்காராம்."

உம்மா கடிதத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"திகதி ஏதும் போட்டிரிக்கா மகள்?"

திகதியில் என்ன ஆபத்து? "ஓம் உம்மா, போன மாசம் ஏழாம் திகதி" என்று உரக்க வாசித்தேன்.

உம்மா விரல் மடித்து எண்ணினார். கடிதத்தை வாங்கி மடித்தார். "நல்லா வாசிச்சாய்" என்று என் தலையைத் தடவினார்.

விடிந்தபோது உம்மா வெள்ளைச் சேலையில் இருந்தார். ஜன்னலில் புடவை தொங்கியது. மாமாதான் யாரிடமோ காட்டிக் கேட்டு வந்து சொல்லிவிட்டார் என்று ஒரு வாரம் அவரோடு நான் கதைக்கவில்லை. சாச்சியைவிட ஒரு மாதம் முந்தியே உம்மா எப்படி வெளியே வந்தார் என்பதும் விளங்கவில்லை. இத்தாவைச் செய்தி கேட்ட நாளிலிருந்து அல்ல, மௌத்தான நாளிலிருந்தே எண்ணுவார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.