பழைய விதியில் ஒரு புதன்கிழமை

லண்டனில் கல்லூரி உதைபந்தாட்டத்துக்கு நடுவராகப் போவது, மழையில் நனைந்துகொண்டே இருபத்திரண்டு பேரிடம் பேச்சு வாங்கும் வேலை. புதன்கிழமைப் பின்னேரங்களில் விசிலும் கையுமாக நிற்கும் சகபாடிகளே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்ற நாட்களில், லண்டன் புறநகரான சட்டனில் பெயின்டும் ஆணியும் விற்கும் கடையில் நிற்கிறேன். அங்கே ஆட்கள் கொஞ்சம் மரியாதையாகத்தான் பேசுவார்கள்.

மன்னிப்பும் மஞ்சளும்

யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனி போய், அங்கிருந்து இங்கே வந்தவன் நான். ஒருநாள் பெண்கள் ஆட்டம். ஒரு அணியின் கப்டன், எதிரணிப் பிள்ளையைப் பின்னாலிருந்து விழுத்திவிட்டாள். பதற்றத்தில் நான் முதலில் "சொறி" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, பிறகுதான் மஞ்சள் அட்டையை எடுத்தேன்.

அவள் பெயர் அபிநயா. இங்கே குரோய்டனில் பிறந்து வளர்ந்து, வரலாறு படிக்கிற பிள்ளை. வாதாட வாயைத் திறந்தவள், என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். தமிழிலேயே கேட்டாள்: "அங்கிள், நீங்களே சொறி சொல்லிப்போட்டு அட்டை காட்டினால் நான் எப்படி உங்களோட சண்டை பிடிக்கிறது?"

அந்தக் காலத்தில் இல்லாதவர்கள்

அவளுடைய கல்லூரியின் உதைபந்தாட்டக் கழகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. அதைக் கொண்டாட, அந்தக் கால விதிப்படியே பழைய மாணவர்களும் இப்போதைய மாணவர்களும் மோதுவதென்று முடிவானது. முழங்காலுக்குக் கீழே இறங்கும் காற்சட்டை, தலையில் தொப்பி, கோல் கம்பத்தில் வலை கிடையாது. அபிநயாதான் நூலகத்தில் கிடந்து விதிகளைத் தேடி எடுத்தாள். உடுப்புத் தைக்க ஆள் பிடித்தாள். என்னை நடுவராகக் கூப்பிட்டவளும் அவள்தான்.

ஆட்டம் நெருங்கிய நேரம், ஆடவிருந்த ஆண்கள் அணிக்கு அதே நாளில் லீக் ஆட்டம் வந்து விழுந்தது. அப்படியென்றால் பெண்கள் நாங்கள் ஆடுகிறோம் என்றாள் அபிநயா. பழைய மாணவர் சங்கத் தலைவர் பீட்டர், ஓய்வுபெற்ற பல் வைத்தியர், சம்மதிக்கவில்லை. அந்தக் காலத்தில் இந்தக் கழகத்தில் பெண்கள் இல்லை, பேசாமல் ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்றார். அதை அவர் மிக மரியாதையாகச் சொன்னதுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது. அபிநயாவின் முகம் சிவந்துவிட்டது, ஆனால் குரல் உயரவில்லை. என்னைக் காட்டி அவரிடம் கேட்டாள்: "அன்றைக்கு இந்த அங்கிள் மாதிரி ஆட்களும் இங்கே இல்லைத்தானே. இவருக்கு மட்டும் எப்படிச் சம்மதித்தீர்கள்?"

பீட்டர் கையிலிருந்த தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, சரி, ஆடுங்கள் என்றார். ஆட்டம் நடந்தது.

பல் வைத்தியரின் கண்

பழைய விதியில் நடுவர் கோட்டுக்கு வெளியே நிற்கவேண்டும். உள்ளே அணிக்கு ஒருவராக அம்பயர்களை அணிகளே வைத்துக்கொள்ளும். அந்த இரண்டு பேரும் முரண்பட்டால்தான் விஷயம் நடுவரிடம் வரும். பழைய மாணவர்களின் அம்பயர் பீட்டர்.

இரண்டு அணிக்கும் ஒவ்வொரு கோல் என்றிருந்தபோது, கடைசி நேரத்தில் அபிநயா அடித்த பந்து கம்பத்தை உரசிக்கொண்டு போனது. வலை இல்லை, உள்ளே போனதா வெளியே போனதா என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. அவளுடைய அம்பயர் கோல் என்று கையைத் தூக்கிவிட்டாள். எல்லாரும் பீட்டரைப் பார்த்தார்கள். அவருடைய ஆட்கள் "வெளியே, வெளியே" என்று கத்தினார்கள். இனி என்னிடம்தான் வரப்போகிறது என்று நினைத்தேன். பீட்டரும் கையைத் தூக்கினார். "உள்ளேதான் போனது. எனக்கு வயதுதான் போயிருக்கிறது, கண் போகவில்லை."

நடுக் கதிரை

ஆட்டம் முடிந்து, கழகச் சுவரில் மாட்டுவதற்குப் படம் எடுத்தார்கள். முன்வரிசையில் கதிரைகள். வழமைபோல நடுக் கதிரை தலைவருக்கு. தங்களுக்கு இதுவே போதும் என்பதுபோல அபிநயாவும் பிள்ளைகளும் சேற்றுக் காலோடு பின்வரிசைக்குப் போனார்கள்.

உட்காரப் போன பீட்டர் நிமிர்ந்து, அவளைக் கூப்பிட்டார். பந்தைத் தானே எடுத்துவந்து கதிரைக்கு முன்னால் வைத்தார். அவள் தயங்கினாள். அவர் பின்வரிசையில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு சொன்னார்: "இரு பிள்ளை. வென்ற கப்டன்தான் நடுவில் இருக்கிறது, இந்தக் கழகத்தில் எப்போதும் அப்படித்தான்."

வாயே திறக்காமல் நல்ல நடுவர் என்று பெயரெடுக்க, நான் நூற்றுச் சொச்சம் வருடம் பின்னால் போகவேண்டியிருந்தது.