காரின் பின்னாலிருந்து ஒரு சத்தம்

ஓசூரில் எங்கள் அபார்ட்மெண்டில் பாதிப் பேர் கார் பாகங்கள் செய்யும் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். அதனால் என் காரின் பின்பக்கம் ஒவ்வொரு வேகத்தடையிலும் 'டொக் டொக்' என்று தட்ட ஆரம்பித்தபோது நான் மெக்கானிக்கைத் தேடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரை ஏற்றிக்கொண்டு தொரப்பள்ளிப் பக்கம் ஒரு சுற்று போனேன்.

ஷாக் அப்சார்பர் கம்பெனிக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஷாக் அப்சார்பர் சத்தியமா இல்லீங்க. இது ரப்பர் புஷ்தான்."

ரப்பர் புஷ் செய்யும் கம்பெனிக்காரருக்கு முகம் சுருங்கியது. "புஷ்ஷுல இப்படிச் சத்தம் வராதுங்க. ஷாக் அப்சார்பரைக் கழட்டிப் பாருங்க."

வீடு வரும்வரை இருவரும் தங்கள் கம்பெனியின் தரத்தைப் பற்றியே பேசினார்கள்.

மறுநாள் காய்கறிப் பையை வைக்க டிக்கியைத் திறந்த என் மனைவி, "ஏங்க, ஜாக்கி கழண்டு கெடக்குது பாருங்க. இதான் தட்டுது" என்றாள்.

நான் வேலை பார்ப்பது ஜாக்கி செய்யும் கம்பெனியில்.

"ஜாக்கி மேல தப்பு இல்ல. அதைக் கட்டி வைக்கிற பெல்ட்டு சரியில்ல" என்றேன்.

அவள் ஜாக்கியைப் பழைய துணியில் சுற்றி ஓரத்தில் செருகினாள். சத்தம் நின்றது. தாங்கள் சொன்ன பாகத்தை நான் மாற்றிவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவருமே இன்றுவரை நம்புகிறார்கள்.