பசாசின் மேல் போட்ட பழி

என் தம்பி மனைவிக்குப் பசாசு பிடித்திருக்கிறது என்று சொன்னவன் நான். அது பசாசு இல்லை, பிள்ளை பெற்ற சில பெண்களுக்கு வரும் மனநோய் என்று தெரிந்தே சொன்னேன். என் மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். தள்ளிப் போட்டால் எனக்குச் சாதகமாக எதையாவது முன்னால் எழுதிவிடுவேன்.

நான் அரியலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தியவன். எங்கள் ஊர் விக்கிரமங்கலத்துக்குப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுப்பேன். பல வருடங்கள் அதைச் செய்தேன். பத்துக் கட்டளை, திருவருட்சாதனங்கள் எல்லாம் நடத்தும்போது தூங்கி வழியும் பிள்ளைகள், பசாசு எப்படி உண்டானது என்ற பாடம் வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

கடவுள் பசாசைப் பசாசாகப் படைக்கவில்லை, லூசிபர் என்ற ஒளி மிகுந்த ஒரு சம்மனசாக, அதாவது வானதூதராகத்தான் படைத்தார் என்று ஆரம்பிப்பேன். அதற்கு அறிவும் கொடுத்தார், சரி என்று சொல்லவும் மாட்டேன் என்று சொல்லவும் சுதந்திரமும் கொடுத்தார். அது தன்னையே பெரிதாக எண்ணி, மாட்டேன் என்றது. அங்கேதான் தீமை தொடங்கியது. இவ்வளவுதான் பாடம்.

ஒரு பையன் கேட்டான்: "அப்ப அது மொதல்ல நல்ல புள்ளயா சார்?"

"ஆமா."

"அத யாரு சார் கெடுத்தா?"

"யாரும் கெடுக்கல. தானா கெட்டுது."

"அது எப்புடி சார்? எங்க சித்தப்பாவே சேர்க்க சரியில்லாமதான் கெட்டாருன்னு எங்கப்பத்தா சொல்லும்."

கொட்டகையே சிரித்தது. அது மறைபொருள், நமக்கு விளங்காது என்று சொல்லி அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். ஆதாமையும் ஏவாளையும் கெடுக்கப் பசாசு இருந்தது. பசாசைக் கெடுக்க இன்னொரு பசாசு இல்லையே, அதற்கு அந்த முதல் கெட்ட எண்ணம் எங்கிருந்து வந்தது? பையன் கேட்டது அதைத்தான். எனக்கும் அப்போது பதில் தெரியாது.

தம்பி மனைவிக்குத் தாய் சிறுவயதிலேயே இறந்துவிட்டதால் தலைப்பிரசவம் எங்கள் ஊரிலேயே நடந்தது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சில நாட்களிலேயே அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. குழந்தைக்குப் பால் கொடுக்க மறுத்தாள். "இது எம்புள்ள இல்ல, மாத்திக் குடுத்துட்டாங்க" என்றாள். செபமாலை தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவாள். ஒரு நாள் மாதா படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகச் சிரித்தாள். தம்பி வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும் என் வீட்டுக்கு ஓடி வந்தான்.

ஆசிரியர் பயிற்சியில் உளவியல் படித்தவன் நான். என்னோடு வேலை பார்த்த ஒருவரின் மனைவிக்கு இதே போல வந்து, திருச்சியில் மருந்து சாப்பிட்டுக் குணமானதையும் பார்த்திருக்கிறேன். பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். காலை நேரம், அவர் எனக்கும் டீ வரவழைத்தார். முழுவதும் கேட்டுவிட்டு, "இது வியாதி சார். கோயில் கொளம்னு அலைய வேணாம். நீங்க படிச்சவரு, நீங்களே திருச்சிக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் செபம் பண்ணிக்கிறேன்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். வீட்டுக்கு வருவதற்குள் மனசு மாறிவிட்டது. என் மகளுக்கு ஒரு நல்ல இடம் கூடி வந்திருந்தது. அடுத்த வாரம் உறுதி செய்ய வருவதாக இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பைத்தியம் என்றால் ரத்தத்தில் வருவது என்பார்கள். அந்தக் குடும்பத்தில் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். தம்பி மனைவிக்கும் எங்களுக்கும் ரத்த சம்பந்தம் ஏது என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. பேய் பிடித்தது என்றால் கதை வேறு. அது வெளியிலிருந்து வந்தது, ஓட்டிவிட்டால் போய்விடும், யார் மேலும் குறை இல்லை.

தம்பி வாசலிலேயே நின்றிருந்தான். "சாமியாரு என்னண்ணே சொன்னாரு?"

"பசாசுதான்னு சொல்றாரு. கோயிலுக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாரு."

யாரும் என்னைத் தூண்டவில்லை. டீ குடித்த சூடு வயிற்றில் ஆறவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொட்டகையில் கேட்ட அந்தப் பையனுக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும்.

கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், பேய் பிடித்தவர்களைக் கொண்டு வைக்கும் ஒரு புனிதர் கோயில் இருந்தது. உறவில் ஒரு பெண்ணைத் துணைக்கு வைத்து அவளை அங்கே விட்டோம். அந்த வாரமே பங்குச் சாமியாருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்ததால் என் பொய் வெளிவரவில்லை. ஒரு முறைதான் நான் போய்ப் பார்த்தேன். மண்டபத்துத் தூணோடு காலைச் சங்கிலியில் பிணைத்திருந்தார்கள். தலையில் மந்திரித்த எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவள் தெளிவாகத்தான் பேசினாள்.

"மாமா, இத அவுக்கச் சொல்லுங்க மாமா. மாரு கட்டிக்கிட்டு வலிக்குது. நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா கேப்பாங்க."

"செபம் பண்ணும்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

தை மாதத்தில் என் மகள் கல்யாணம் நடந்தது. பந்தியில் சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர், தம்பி வீட்டுப் பெண் எங்கே என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னார்கள். "அட, எங்க ஊருலயும் ஒரு புள்ளைக்கு இருந்துச்சு. இப்ப மூணு புள்ள பெத்து நல்லா இருக்கு. அதெல்லாம் சரியாப் போயிடும். ரசம் ஊத்துங்க" என்றார். நான் போட்ட கணக்கு தப்பவில்லை.

தவக்காலத்தில் அந்தக் கோயிலுக்கு வந்த ஒரு கன்னியாஸ்திரி அவளைப் பார்த்துவிட்டு, சண்டை போட்டுச் சங்கிலியை அவிழ்க்கச் செய்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மாத்திரை கொடுத்தார்கள். ஈஸ்டர் என்னும் உயிர்ப்பு ஞாயிற்றுக்குள் தேறி வந்துவிட்டாள். புனிதர் புதுமை செய்துவிட்டார் என்று ஊரே பேசியது. மாத்திரையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

அதற்குள் குழந்தை என் மனைவியின் கைக்குப் பழகிவிட்டது. ஓட்டிய பேய் திரும்பி வரும் என்ற பயத்தில் யாரும் குழந்தையை அவளிடம் தனியாக விடவில்லை. என் வீட்டில்தான் வளர்ந்தது, என் மனைவி பக்கத்தில்தான் தூங்கியது. பெற்றவள் வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டுப் போவாள். கேட்டதில்லை. கேட்டால் கண்ணில் பசாசு தெரிகிறது என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தப் பெண் வளர்ந்து என்னிடமே மறைக்கல்வி படிக்க வந்தாள். லூசிபர் பாடம் நடத்திய ஞாயிறு அன்று கையைத் தூக்கினாள்.

"பெரியப்பா, எங்கம்மாக்குள்ள வந்தது லூசிபரா, இல்ல சின்ன பசாசா?"

உண்மையைச் சொல்ல அது ஒரு சந்தர்ப்பம். "சின்னதுதாம்மா" என்றேன். அவள் முகத்தில் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது. பாடத்தைத் தொடர்ந்தேன்.

சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லாமல் இல்லை. 'ஒரு பொய் சொன்னேன் சாமி' என்று சொன்னேன். பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது.

தம்பி மகளைப் பெரம்பலூரில் கட்டிக் கொடுத்தோம். போன வருடம் உண்டானாள். வளைகாப்பு முடிந்ததும் தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். வர மாட்டேன் என்றுவிட்டாள். அதற்குள் தம்பி மனைவி தெற்கு அறைக்கு வெள்ளை அடித்து, பழைய நூல் சேலைகளைத் துவைத்து மடித்து, சுக்கும் பூண்டும் வாங்கி வைத்திருந்தாள். தனக்குச் செய்ய ஒரு தாய் இல்லாமல் போனதை மகளுக்குச் செய்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

தம்பி வந்து நின்றான். "அண்ணே, நீங்க போயி ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா அது கேக்கும்."

பெரம்பலூருக்கு பஸ் ஏறினேன். அவளை வளர்த்த என் மனைவி இறந்து அப்போது நான்கு வருடம். உண்மையைச் சொல்வதற்குத் தடையாக இனி யாரும் இல்லை, நானே ஒருவன்தான்.

செட்டிகுளத்தில் அவர்களுக்கு நிலம் உண்டு. மாமியார் வெங்காய அறுப்புக்குப் போயிருந்தார். அவள் கூடத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயத்துக்கு வால் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க பெரியப்பா. அப்பா அனுப்பிச்சாரா? நான் வரல. அம்மாவுக்கு வந்தது அந்த வூட்டுலதான? பச்சப் புள்ளய வச்சுக்கிட்டு எனக்கு அங்க தூக்கம் வராது."

"வந்தது பசாசு இல்லம்மா."

சிரித்தாள். "ஏன், நீங்க ரிட்டயர் ஆனதும் பசாசும் ரிட்டயர் ஆயிடுச்சா?"

எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் சொன்னது, நான் மாற்றிச் சொன்னது, கல்யாணம், சங்கிலி, மாத்திரை. அவள் அரிவாள்மனையை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"பெரியம்மாக்குத் தெரியுமா?"

"தெரியாது. உங்கப்பாவுக்கும் தெரியாது. உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன்."

"அப்ப நான் எங்கம்மா மடியில உக்காராதது அக்கா கல்யாணத்துக்காகவா?"

"ஆமா."

வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். "எனக்கும் வருமா?"

"வரலாம், வராமலும் இருக்கலாம். டாக்டர்கிட்ட இப்பவே சொல்லி வையி. தூக்கம் போச்சுன்னா அன்னிக்கே போகணும். மருந்து இருக்கும்மா. அப்பவும் இருந்துச்சு."

"கெளம்புங்க பெரியப்பா. மாமியார் வர்ற நேரம். அவங்க முன்னாடி நான் அழுவக் கூடாது."

மறுநாள் தம்பி வீட்டுக்குப் போய் அவனிடமும் சொன்னேன். அவன் என்னை அடித்திருக்கலாம். "உங்கள கேக்காம நான் ஒரு ஆடு கூட வாங்குனதில்லண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

அடுப்படியில் தம்பி மனைவி நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். அவள் சந்தோஷப்படுவாள், குறைந்தது என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன்.

"இத ஏன் மாமா இப்ப சொன்னீங்க?" என்றாள். "அந்தப் புள்ளய கெணத்துல போட்டுடலாமான்னு எனக்குத் தோணுச்சு. யாருகிட்டயும் சொன்னதில்ல. அது நான் நெனச்சது இல்ல, உள்ள வந்தது நெனச்சதுன்னு சொல்லிக்கிட்டுதான் இத்தன வருசம் எம்மவ மொகத்தப் பாத்தேன். இப்ப உள்ள ஒண்ணும் வரலங்கிறீங்க. அப்ப யாரு நெனச்சா?"

"நோய்ம்மா. காய்ச்சல்ல பெனாத்துறது மாதிரி."

"பெனாத்துறதும் அவங்கவங்க வாய்தான மாமா?"

நான் என் குற்றத்தை மறைக்க எடுத்த பசாசை, அவள் செய்யாத குற்றத்திலிருந்து தப்பிக்கப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்கப் போனவன் அதையும் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போதுள்ள பங்குத்தந்தை இளைஞர். பூசை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன் என்று அவரிடம் கேட்டேன். "நீங்க செஞ்சது உங்க கத சார். அவங்க பட்டது அவங்க கத. அவங்க சம்மதம் இல்லாம மேடையில சொன்னீங்கன்னா, இன்னொரு தடவ கட்டி வச்ச மாதிரி ஆயிடும்" என்றார். தம்பி மனைவி சம்மதிக்கவில்லை. மறைக்கல்வி வகுப்பை விட்டுவிட்டேன். என் மகளுக்கு போன் செய்து சொன்னேன். "என்னயக் கேட்டா செஞ்சீங்க?" என்றாள், பிறகு அழுதாள். அவள் வாழ்க்கையிலும் ஒரு கறையை வைத்ததுதான் மிச்சம்.

உதவி செய்தது நான் இல்லை, தம்பி மகள்தான். பெரம்பலூரில் மனநல டாக்டரைப் பார்க்கப் போனபோது தாயையும் வரச்சொல்லிக் கூட்டிப் போயிருக்கிறாள். அப்படிப்பட்ட எண்ணம் பல தாய்மார்களுக்கு அந்த நோயில் வரும், அது அவர்கள் விருப்பம் இல்லை என்று டாக்டர் சொன்னாராம். கிணற்றைப் பற்றி தம்பி மனைவி மகளுக்கு முன்னாலேயே சொன்னாளாம். மகள் எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள் என்று தம்பி சொன்னான். தாய் அதை முழுதாக நம்பினாளா என்று எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் மாதம் பெண் தாய் வீட்டுக்கு வந்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பெரியப்பா வரக் கூடாது.

குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. ஆணா பெண்ணா என்பதைக் கூடத் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவளுக்குத் தூக்கம் கெடவில்லை, நன்றாக இருக்கிறாள். காலையில் குளிப்பாட்டும் சத்தம் என் வீட்டுக்குக் கேட்கும்.

"தலையப் புடிடி, தலையப் புடி. வழுக்குது பாரு."

"எனக்குத் தெரியும்மா. நீ தண்ணிய ஊத்து. இவ்ளோ சூடாவா ஊத்துவாங்க?"

"ஆமா, நீ பத்து பெத்தவ, எனக்குச் சொல்ல வந்துட்ட."

குழந்தை வீரிட்டு அழும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைச் சமாதானப்படுத்துவார்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தால் தம்பி மனைவி இந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவாள். அதனால் இப்போதெல்லாம் அந்த நேரத்தில் ரேடியோவைப் போட்டுவிட்டு உள்ளறையில் உட்கார்ந்துகொள்கிறேன். ஜன்னல் திறந்தே இருக்கிறது.