மேல்வீட்டுத் தூள்

எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் யாராவது வாய் நிறையச் சிரித்தால், அந்தப் பல் அநேகமாகச் சின்னவள் தேய்த்து மெருகேற்றியதாக இருக்கும். சிரிப்பவர்களுக்கே அது தெரியாது. பல்லை டாக்டர் செய்கிறார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். டாக்டர் வாயில் அச்சு எடுப்பதோடு சரி. அந்த அச்சை டப்பாவில் போட்டு, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அக்கா தங்கை இருவரின் வீட்டில் சேர்ப்பது என் பொறுப்பு. நான் பல் கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் போய், எனக்கு டோக்கன் என்றே நிலைத்துவிட்டது.

பெரியவள் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி வார்ப்பு எடுப்பாள், மெழுகில் பற்களை வரிசையாகப் பதிப்பாள். அதன்பின் இறுகி வந்த பல்செட்டை மோட்டாரில் பிடித்து அரைப்பது, பிசிறு நீக்குவது, பாலிஷ் தூள் போட்டுத் தேய்ப்பது எல்லாம் சின்னவள். கீழ்வரிசையில் ஒரு பல்லை மட்டும் மயிரிழை கோணலாக வைக்கச் சொல்லி அக்காவிடம் மல்லுக்கு நிற்பாள். "ரொம்ப ஒழுங்கா இருந்தா பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சிடும்க்கா" என்பாள். அந்த ஒரு விஷயத்தில்தான் அவள் அக்காவை எதிர்த்துப் பேசி நான் கேட்டிருக்கிறேன். மற்றதிலெல்லாம் பெரியவள் கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டாள். தாண்டுவதற்கு நியாயமும் இல்லை. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது சின்னவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் தனக்கு வந்த வரன்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, தொழில் கற்று, தங்கையை வளர்த்தாள். அப்படி வளர்ந்தவளுக்கு அக்கா வார்த்தைதான் வேதவாக்கு.

வீட்டின் முன்னறையே பட்டறை. மோட்டார் சத்தம் தெருவுக்குக் கேட்கக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பார்கள். மேலே ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். ஒருநாள் அந்த டிரைவர் இறங்கி வந்து, இரவு வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறேன், மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். பெரியவளும் மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அவள் தலையணையில் வெள்ளைத் தூளைப் பார்க்க ஆரம்பித்தாள்.

மேல்வீட்டிலிருந்து தூள் போடுகிறார்கள் என்று என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா, உங்கள் மேல், என் மேல், சுவரில் மாட்டிய கடிகாரத்தின் மேல் எல்லாம் தூள்தான், இது உங்கள் பட்டறை மாவு என்றேன். அவள் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வது போல, நம் மாவு சொரசொரப்பாக இருக்கும், இது வழவழப்பாக இருக்கிறது, மாவோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவளுக்கு வித்தியாசம் தெரியாதா என்று விளக்கினாள். அவள் முதுகுக்குப் பின்னால் சின்னவள் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். அன்றைக்கு அவள் என் கட்சி.

பெரியவளுக்கு மூளை பிசகிவிட்டது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பைத்தியத்தை நான் வீட்டிலேயே வைத்துப் பார்த்தவள். என் தம்பிக்குக் கல்லூரி வயதில் காதுக்குள் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. அவனையே திட்டும் குரல்கள். பேச்சு பாதியில் அறுந்து வேறெங்கோ போகும். குளிக்க மாட்டான், சாப்பிட மாட்டான், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். இப்போது ஊசியும் மாத்திரையுமாகக் குரல்கள் அடங்கியிருக்கின்றன, ஆள்தான் பாதியாகிவிட்டான். சித்தி மகளுக்குப் பிள்ளை பெற்ற பத்தாம் நாள், இது என் குழந்தை இல்லை, மாற்றிவிட்டார்கள் என்று ஒரே கூச்சல். ஒரு மாதத்தில் தெளிந்துவிட்டாள். இன்றைக்கு அந்தப் பையன் அடம் பிடிக்கும்போது, "அன்னைக்கே சொன்னேன், யாரும் கேக்கல" என்று அவளே கேலி செய்கிறாள். எனக்குத் தெரிந்த பைத்தியம் இந்த இரண்டு மாதிரிதான். பெரியவளோ தினம் குளித்துத் தலைவாரி, சொன்ன நாளில் பல்லைக் கொடுத்து, என் தம்பியின் மாத்திரை நேரத்தைக்கூட ஞாபகப்படுத்துகிறவள். அது வெறும் பக்கத்துவீட்டுப் பகை, தானே ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஆறவில்லை. மேலே விரிசல் இருக்கிறது, அதன் வழியாகத்தான் கொட்டுகிறார்கள் என்று, அக்காவும் தங்கையும் ஸ்டூல் போட்டு ஏறி அதே பல் பிளாஸ்டரால் கூரையைப் பூசினார்கள். பூசியதை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். தேய்த்த தூள் இரண்டு நாளைக்கு மேலிருந்து உதிர்ந்துகொண்டே இருந்தது. பார்த்தாயா, அடைக்க அடைக்க அதிகமாகப் போடுகிறான் என்றாள் பெரியவள். மறுபடியும் பூச்சு, மறுபடியும் உப்புத்தாள். டிரைவர் பாவம், தன் வீட்டைத் திறந்து காட்டினார். பெரியவள் மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிட்டு, எவ்வளவு சுத்தமாக ஒளித்து வைத்திருக்கிறான் பார் என்றபடி இறங்கி வந்தாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவளிடம் நாலாவது காலைக் காட்டினால், அதை நீ ஒட்டவைத்தாய் என்பாள்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். சின்னவள் கண்ணை உருட்டுவதை நிறுத்தினாள். கொஞ்ச நாளில் அவளும் தலையணையைத் தடவிப் பார்த்தாள். பிறகு அவளே என்னிடம், ராத்திரியில் மேலே நடக்கிற சத்தம் கேட்டால் சரியாகக் காலையில் தூள் இருக்கிறது என்றாள். டிரைவர் மனைவி தண்ணீர் குடிக்க எழுந்திருந்தாலும் இவர்களுக்கு அது கணக்கில் சேர்ந்துவிடும். வெளியாள் யாரும் அந்த வீட்டுக்கு வருவதில்லை. நான் டப்பாவோடு வந்து நிற்கிற நேரம் தவிர, சின்னவளுக்கு அக்கா குரல் ஒன்றுதான் உலகம்.

அப்போதுதான் அவளுக்கு இருமல் பிடித்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. வற்புறுத்தி நெஞ்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், பெரியவளும் வந்தாள். எக்ஸ்ரேவைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டர், நுரையீரல் முழுக்கத் தூள் படிந்திருக்கிறது என்றார். வருஷக்கணக்காக மூடிய அறையில் அரைத்ததன் வினை, படிந்தது படிந்ததுதான், இனிமேல் அந்த அறையில் மூச்சு விடாமல் இருந்தால் இருப்பதையாவது காப்பாற்றலாம் என்றும் சொன்னார். பெரியவள் காதில் முதல் வாக்கியம் மட்டும்தான் விழுந்தது.

"நான் சொன்னப்போ யாராவது கேட்டீங்களா? இப்ப டாக்டரே சொல்லிட்டாரு."

தூள் எங்கிருந்து வருகிறது என்று டாக்டர் சின்னவளைக் கேட்டார். மேல்வீட்டிலிருந்து என்று அவளும் சொன்னாள். அவர் பேனாவை வைத்துவிட்டு மனநல டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்பினார்.

சின்னவளை வார்டில் சேர்த்தார்கள். பெரியவள் உடன் தங்கவில்லை. வீட்டைப் பூட்டிப் போட்டால் மேல்வீட்டுக்காரர்கள் உள்ளேயே வந்துவிடுவார்கள் என்று காவலுக்குத் திரும்பிப் போய்விட்டாள். டாக்டரம்மாவுக்கு அதுதான் வசதியாகப் போனது. பார்க்கப் போகிற ஒரே ஆள் நான் என்பதால் என்னை உட்காரவைத்துப் பேசினார். நானும் என் தம்பி கதையையும் சித்தி மகள் கதையையும் சொல்லி, பெரியவளிடம் அந்த லட்சணம் ஒன்றுமே இல்லையே என்றேன்.

"எல்லாத்தையும் பைத்தியம்னு ஒரே மூட்டையா கட்டிடுறோம், அதான் தப்பு" என்றார். தம்பிக்கு வந்தது மனச்சிதைவு. குரல் கேட்பது, பேச்சு சிதறுவது, மனிதன் ஒடுங்கிப்போவது எல்லாம் சேர்ந்து மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நீடிக்கும். சித்தி மகளுக்கு வந்தது பிரசவத்தை ஒட்டி வருவது, புயல் மாதிரி வந்து போகும், ஆனால் உடனே பார்க்காவிட்டால் ஆபத்து. சிலருக்கு மனம் அளவுக்கு மீறித் துவளும்போதோ துள்ளும்போதோ மட்டும் இப்படிப் பிறழும். பெரியவளுடையது வேறு ரகம். அதில் ஒரே ஒரு பொய் நம்பிக்கை மட்டும் மனதில் ஆணி அடித்தது போல இறங்கியிருக்கும். மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கும். ஒழுங்காக இருப்பதாலேயே யாரும் வைத்தியத்துக்குக் கூட்டி வரமாட்டார்கள், கூட்டி வந்தாலும் அவர்கள் மருந்தைத் தொடமாட்டார்கள்.

"அப்போ சின்னவளுக்கு?" என்றேன்.

"அவங்களோடது இரவல். அக்காகிட்ட இருந்து வாங்கினது. பிரிச்சு வச்சா பெரும்பாலும் கழண்டுடும். திரும்பச் சேத்து வச்சா நான் எதுக்கும் பொறுப்பு சொல்ல முடியாது."

டாக்டரம்மா வாய் முகூர்த்தம் பலித்தது. முதல் வாரம் சின்னவள் வார்டுக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தூள் விழவில்லை. பக்கத்துக் கட்டில்காரியோடு பேச்சு, டாக்டரம்மாவோடு பேச்சு என்று நாள் போனது. ஒரு மாலை நான் போனபோது தானாகவே சிரித்தாள்.

"அந்த மோட்டார்ல இருந்து பறக்குறது எங்க போகும்னு இத்தனை வருஷம் நாங்க யோசிக்கவே இல்ல பாரு, டோக்கன். மேல போய் ஒட்டிக்கிட்டு, மேல இருந்து விழுந்திருக்கு."

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை, அழுதுவிட்டேன். அவள் வந்து தங்க எங்கள் வீட்டு மாடியறையைச் சுத்தம் செய்து வைத்தேன். பல் டாக்டரும் முன்மேசையில் எனக்குத் துணையாக அவளை உட்காரவைக்கச் சம்மதித்தார். பெரியவள் ஒரே ஒரு முறை டாக்டரம்மாவைப் பார்க்க வந்தாள். மடிப்புக் கலையாத உடை, கேட்டதற்கெல்லாம் தெளிவான பதில். மாத்திரையை நீட்டியதும், தூள் போடுகிறவனுக்குக் கொடுங்கள் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனாள். யாரையும் அடிக்கவில்லை, தன்னையும் மாய்த்துக்கொள்ளப் பார்க்கவில்லை. கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்றார் டாக்டரம்மா.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, துணிகளை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிச் சின்னவள் அந்த வீட்டுக்குப் போனாள். மாடியறையில் விரிப்புப் போட்டு நான் காத்திருந்தேன். வரவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தேன். பெரியவள் எலும்பும் தோலுமாக இருந்தாள். சமைத்தால் சாப்பாட்டில் தூள் விழுமென்று அடுப்பே பற்றவைக்கவில்லை. ஆனால் தங்கையின் கட்டிலுக்கு மட்டும் நாலு பக்கமும் பிளாஸ்டிக் திரை கட்டி, ஒரு பொட்டு விழாமல் துடைத்து வைத்திருந்தாள். சின்னவள் என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மேல இருந்து ஒண்ணும் வரலன்னு எனக்குத் தெரியும். ஆனா அத சொன்னேன்னா நானும் அவங்க ஆளுன்னு நெனச்சிடுவா. அப்புறம் அவளுக்கு யாரு இருக்கா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த அறையில் இருந்தால் செத்துப்போவாய் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆக வேண்டும் என்று சிரித்தாள். அக்காவைத் தேற்றிக் கொஞ்சம் சாப்பிட வைத்துவிட்டு வருகிறேன், அதுவரை ஆமாம் சாமி போடுகிறேன், அவ்வளவுதான் என்றாள்.

அவள் போட்ட ஆமாம் சாமிகளை நான் டப்பா கொண்டுபோன மாலைகளில் பார்த்தேன். ஸ்டூலில் ஏறிக் கூரையைத் தேய்த்தாள். அக்கா சொன்னபடி தலையணைத் தூளை வழித்துச் சீசாவில் சேர்த்தாள். நான் வாங்கிக் கொடுத்த முகக்கவசத்தைப் பெரியவள் பத்திரமாக வைத்திருந்து, படுக்கும்போது தங்கைக்கு மாட்டிவிடுவாள். மோட்டாரில் உட்காரும்போது மட்டும் கழற்றிவிடச் சொல்வாள். அங்கே பறப்பது நம்முடைய மாவுதானே, அது ஒன்றும் செய்யாதாம். தேற்றிவிட்டு வருகிறேன் என்றவள் வரவே இல்லை. மாடியறை விரிப்பை நான் மடித்து வைத்தேன்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த டிரைவர் வேறு பகுதியில் வீடு பார்த்துக் குடிபோனார். சாமான் ஏற்றிய வண்டியை என் கண்ணால் பார்த்தேன். அன்று மாலை அந்த வீட்டுக்குக் கிட்டத்தட்ட ஓடினேன். நல்ல வேளையாகப் பெரியவள் கடைக்குப் போயிருந்தாள். பொய்யாகத் தலையாட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் சின்னவள் தனியாக இருந்தாள். அரைத்துக்கொண்டிருந்தவள் மோட்டாரை அணைத்தாள். புருவம், இமை எல்லாம் வெள்ளை.

மேல்வீடு காலி, பூட்டுத் தொங்குகிறது, இதைக் காட்டியாவது அக்காவைக் கிளப்பலாம், இனி தூள் போட அங்கே யார் இருக்கிறார்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

அவள் கதவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். அக்கா வருகிறாளா என்று பார்க்கிறாள் என நினைத்தேன். அவள் பார்வை மெல்லக் கூரைக்குப் போனது. என் காதருகே குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"போயிட்டதா காட்டிக்கிறாங்க, டோக்கன். பூட்டினதுக்கு அப்புறம்தான் அதிகமா விழுது."

மேசையை ஒரு விரலால் வழித்து என் முன்னால் நீட்டினாள். தூள் இருந்தது. அக்கா வந்துவிடப் போகிறாள், இதைச் சொல்லி அவளைப் பயமுறுத்தாதே என்று என்னைக் கேட்டுக்கொண்டு, மறுபடியும் மோட்டாரைப் போட்டாள்.