என் எழுத்தில் ஓடிய ஆட்டோ

என்னைப் போன்றவள் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிளஸ் டூவோடு நின்றவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க மாட்டேன். மற்றவர்கள் சொல்வதை அழகாக எழுதிக் கொடுத்திருக்கிறேனே தவிர, சொந்தமாக ஒரு பக்கம் எழுதியதில்லை. இதை மட்டும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

இரண்டாயிரத்து ஒன்பது, பத்து வாக்கில் சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். என் கொழுந்தனார் கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் கடலூரில் ஒரு நண்பரோடு சேர்ந்து சின்ன ஆபீஸ் போட்டிருந்தார். செல்போனில் விளையாடும் ஆட்டோ ரேஸ் ஒன்றைத் தமிழில் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர், சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"அண்ணி, போன்ல தமிழ் எழுத்தே வரமாட்டேங்குது. கட்டம் கட்டமா வருது. நாமளே எழுத்த படமா செஞ்சி உள்ள ஏத்தினாத்தான் உண்டு. நீங்க எழுதிக் குடுங்களேன்."

"என்னா எழுதணும் தம்பி?"

"வார்த்தை ஒண்ணும் வேணாம். அ-லேருந்து எல்லா எழுத்தும் தனித்தனியா போதும்."

என் வீட்டுக்காரர் சிரித்தார். "எழுதிக் குடுடி. இந்த எழுத்தப் பாத்துட்டுத்தான எங்கப்பா பொண்ணு கேட்டு வந்தாரு. மூஞ்சப் பாத்தா வந்தாரு?"

கிராஃப் தாளில், கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. நான்கு சாயங்காலம் எழுதினேன். போன் திரை சின்னது, சுழி சிறுத்தால் அடைத்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார். அதனால் ண, ணை எல்லாம் வயிறு உப்பினாற்போலப் போட வேண்டியிருந்தது. என் 'ழ'வின் வால் இடப்பக்கம் சுருண்டு மேலே ஏறும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அது கட்டத்தைத் தாண்டியது. வெட்ட வேண்டாம், அதுதான் அழகு என்று கொழுந்தனாரே சொன்னார்.

எழுத்து ஏறியதும் எங்களைக் கடலூருக்கு வரவழைத்துக் காட்டினார்கள். விளையாட்டைத் திறந்தால் முதலில் திரை கறுப்பாக இருந்தது. அடியில் ஒரு கோடு மெல்ல நிரம்பியது. "இப்ப ஏறிக்கிட்டிருக்கறது உங்க எழுத்து அண்ணி. அது ஏறி முடிச்சாத்தான் ஆட்டோவே வரும்" என்றார். கோடு நிரம்பியது. 'வண்டியை எடு' என்று என் கையால் எழுதினாற்போலவே வந்தது. திரும்பி வரும்போது புதுச்சத்திரம் தாண்டும் வரை பஸ்ஸில் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தேன். அன்றைக்குச் சிரித்த அந்த முகத்தை நினைத்தாலும் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து, ஜெராக்ஸ் எடுக்க வந்த கல்லூரிப் பையன்கள் நான்கு பேர் ஒரு போனைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"தோத்துருடா, தோத்துருடா! இடிச்சித் தொல!"

வேண்டுமென்றே தோற்கச் சொல்கிறார்களே என்று பார்த்தேன். ஆட்டோ மோதியது. திரை முழுக்க என் எழுத்து. தோற்றவனுடைய பொண்டாட்டி இன்றைக்கு யார் ஆட்டோவில் ஏறிப் போவாள், ஏறி என்ன செய்வாள் என்று இரண்டு வரி. அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். பையன்கள் அதைச் சத்தம் போட்டுப் படித்தார்கள். அவர்கள் பக்கத்திலேயே ஒரு பெண் சான்றிதழ் நகல் எடுக்க நின்றுகொண்டிருந்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தினமும் என் எழுத்தில் பில் பார்க்கிறவர். "ஏம்மா, இந்த 'ழ' ஒன்னுது மாதிரியே இல்ல?" என்றார்.

"இல்லீங்க" என்றேன்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கடலூர் பஸ் ஏறினேன். எழுத்தைக் கொடுத்தால் அதை வைத்து எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது எனக்கு ஏன் உறைக்கவில்லை? 'வண்டியை எடு' மாதிரி நாலு வார்த்தை வரும் என்று நினைத்திருந்தேன். பிளஸ் டூ படித்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

ஆபீஸில் கொழுந்தனாரும் நண்பரும் இருந்தார்கள். நான் எழுதிய கிராஃப் தாள்கள் மேஜையில் கிடந்தன. அவற்றின் மேல்தான் டீ கிளாஸ். தாளெல்லாம் வட்ட வட்டமாகக் கறை.

"தம்பி, அந்த வார்த்தைய எடுத்துடுங்க" என்றேன். எந்த வார்த்தை என்று அவர் கேட்கவில்லை.

"அண்ணி, பசங்க அதுக்காவே விளையாடறானுங்க. ரேஸ் ஓட்டறத விட தோக்கறதுதான் ஜாஸ்தி."

நண்பர் சிரித்தார். "எழுத்துதானக்கா ஒங்களுது. வார்த்தை எங்களுது. ஆட்டோ ஸ்டாண்டுல பேசாததையா நாங்க போட்டுட்டோம்?"

"ஸ்டாண்டுல பேசறவன் அவன் வாயால பேசறான். இதுல பேசறது என் கை."

அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சனிக்கிழமை சென்னையிலிருந்து விளையாட்டை வாங்க ஆள் வருகிறார், எழுத்தை எடுத்தால் மறுபடி கட்டம்தான் வரும் என்று கொழுந்தனார் கெஞ்சினார்.

"அப்ப வார்த்தைய எடுங்க."

"வார்த்தைய எடுத்தா அவரு வாங்கவே மாட்டாரு அண்ணி."

"அப்ப என் எழுத்த எடுங்க. நான் பாக்க எடுங்க."

நான் எழுந்து போகவில்லை. டீ வாங்கி வரட்டுமா என்றார்கள், வேண்டாம் என்றேன். நண்பர் மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். அதையும் வேண்டாம் என்றேன். ஒரு மணி நேரம் போல அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கொழுந்தனார் கம்ப்யூட்டரைத் திறந்து, என் எழுத்து இருந்த படத்தை அழித்தார். போனிலும் பழையதை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றிக் காட்டினார். ஆட்டோ மோதியதும் வரிசையாக வெறும் கட்டங்கள் வந்தன. ஏற்கெனவே ப்ளூடூத்தில் பையன்களுக்குப் போனதைத் திரும்ப வாங்க முடியாது என்றும் சொன்னார். கறை படிந்த தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன்.

"அண்ணன்கிட்ட சொல்லாதீங்க அண்ணி" என்று படி வரைக்கும் வந்தார்.

வரும் வழியெல்லாம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தேன். துடைப்பது பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் எனக்கே தெரிந்தது.

மறுநாள் மதியம் கொழுந்தனார் போன் செய்தார். ஆபீஸுக்குக் கீழே டைப் கிளாஸுக்கு வரும் ஒரு பெண்ணிடம் வேறு எழுத்து எழுதி வாங்கி ஏற்றிவிட்டார்களாம். வார்த்தையை மாற்றினீர்களா என்று கேட்டேன். அது அப்படியேதான் இருக்கிறது என்றார்.