மொட்டை மாடி எலுமிச்சையும் மாவுப்பூச்சியும்

தொண்ணூறுகளில் வங்காளத்துப் பாலிகஞ்சில் நாங்கள் குடியிருந்த வீட்டு மொட்டை மாடியில், பழைய தகர டிரம்மில் ஒரு கொந்தொராஜ் எலுமிச்சை நின்றது. செடி வீட்டுக்காரம்மாவுடையது. அவரை மாஷிமா என்றுதான் கூப்பிடுவோம். இலையைக் கசக்கினால் நார்த்தை இலை வாசம் வரும். அதை வைத்துத்தான் தயிர்சாதத்துக்கு வேப்பிலைக்கட்டி இடிப்பேன். அந்த ஊரில் எனக்கு வேறு கதி கிடையாது.

ஒரு மழைக்காலத்தில் கிளையெல்லாம் மாவுப்பூச்சி, பஞ்சைப் பிய்த்து ஒட்டினது போல. துர்கா பூஜைக்குள் தேறாவிட்டால் பிடுங்கி எறிந்துவிடுவேன் என்றார் மாஷிமா.

பழைய பல் பிரஷ்ஷால் தினமும் தேய்த்தேன். மறுநாளே வந்து உட்கார்ந்திருக்கும், சனியன்! கோபம் போய், இது எப்படித்தான் பிழைக்கிறது என்று பார்க்கும் ஆசை வந்துவிட்டது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிய, நான் மாடியில் குனிந்து நின்றேன். கறுப்பு எறும்புகள் பூச்சியின் முதுகைத் தடவித் தடவி, அது விடும் தித்திப்புச் சொட்டைக் குடித்தன. பொறிவண்டு ஒன்று வந்து பூச்சியில் வாய் வைத்ததுதான் தாமதம், எறும்புகள் பாய்ந்து அதன் காலைக் கடித்து விரட்டின. அடேயப்பா, மாடு மேய்க்கிற மாதிரியல்லவா மேய்க்கின்றன!

இத்தனை எறும்பு குவிந்ததற்கு, டிரம்மைச் சுற்றித் தினமும் அரிசி மாவில் கோலம் போடும் என் மாமியார்தான் காரணம் என்று முடிவுகட்டினேன்.

"அம்மா, கொஞ்ச நாளைக்குக் கோலத்தை நிறுத்துங்கோளேன்."

"நன்னாருக்கே! வாயில்லா ஜீவன் வாயில மண்ணைப் போடச் சொல்றியா?"

அவரிடம் வாதாடி ஜெயிக்க முடியுமா? கிழிந்த மஞ்சள் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அடித்தண்டில் கட்டி, விளக்கெண்ணெயைக் கெட்டியாகத் தடவினேன். சுவரில் பட்ட கிளைகளையும் நறுக்கிவிட்டேன். எறும்புகள் ஏற வழியில்லாமல் கீழேயே சுற்றின. பொறிவண்டுகள் நிம்மதியாக உட்கார்ந்து தின்றன. பூஜை நெருங்கும்போது செடி புதுத் தளிர் விட்டிருந்தது. எனக்கு ஒரே குஷி.

மாஷிமா மேலே வந்தார். தளிரைப் பார்த்தார், மஞ்சள் துணியைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் செடியைக் கும்பிட்டார்.

"இனிமேல் இதைப் பிடுங்குவேனா? என்ன பூஜை செய்தீர்கள்?" என்று வங்காளத்தில் மாமியாரைக் கேட்டார்.

பொறிவண்டைக் காட்ட நான் விரலை நீட்டினேன். மாமியார் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"சும்மா இருடி. செடி பொழச்சுதோல்லியோ?"

அன்று சாயங்காலமே மாஷிமாவின் முட்டிவலிக்கும் ஒரு மஞ்சள் துணி கட்டிவிட்டார், விளக்கெண்ணெய் தடவி.